இந்துமதிக்குக் காக்கிச் சட்டை எதற்கு?

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலோ திண்டிவனம் டீக்கடையிலோ நின்று, ஒரு பெண் கால்பந்து வீராங்கனையின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். தோனியின் சம்பளம் என்ன என்று கேட்டால் மட்டும் பைசா சுத்தமாகப் பதில் வரும்!

இத்தனைக்கும் இந்துமதி கதிரேசன் தூரத்து ஆள் அல்ல. பக்கத்துக் கடலூர்தான். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும் வரை எல்லாமே ஒரே தென்னாற்காடு. இந்துமதி பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

நடுக்கள ஆட்டக்காரர். பந்தை வாங்கி, எதிரணி சுதாரிப்பதற்குள் முன்னால் தள்ளிவிடுகிற வேலை. 2019 மார்ச்சில் நேபாளத்தில் நடந்த தெற்காசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் இவருடையது. அதே வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். 2023-24க்கான நாட்டின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இவருக்குத்தான் கொடுத்தது.

2020 ஊரடங்கின்போது இவர் எங்கே இருந்தார் தெரியுமா? சென்னையில், சப்-இன்ஸ்பெக்டர் உடுப்பில், டூட்டியில். பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நாட்டுக்காக ஆடுகிறவருக்கு இன்னொரு வேலை ஏன் தேவைப்படுகிறது?

கணக்கைப் பார்த்தால் புரியும். பெண்கள் லீக் தொடங்கியது 2017-இல். ஆரம்ப வருடங்களில் இறுதிச்சுற்று முழுவதும் ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நாற்பத்தொன்பது வாரம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? 2023-24-இல்தான் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருடம் 3.2 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சம்மேளனம் விதி போட்டது. மாதம் 27 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் கால் நன்றாக இருக்கும் வரை. முழங்காலில் ஜவ்வு கிழிந்தால்?

அதே 2017-இல்தான் ஆஸ்திரேலியாவிலும் அவர்களுடைய முட்டைப் பந்து கால்பந்துக்குப் பெண்கள் லீக் ஆரம்பித்தது. அங்கேயும் முதல் வருடம் பெரும்பாலோருக்கு 8,500 டாலர்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். ஆனால் 2023 ஒப்பந்தத்தில் சராசரிச் சம்பளம் 60,000 டாலரானது. 2027-இல் 82,000 என்றும் எழுதி வாங்கிவிட்டார்கள். தானாக வரவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, உட்கார்ந்து பேசினார்கள். நம் லீக்கும் அதே வயதுதான் என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காவல்துறை வேலையைக் குறை சொல்வதற்கில்லை. விளையாட்டு ஒதுக்கீடு இல்லாவிட்டால் எத்தனையோ பேர் பிளஸ் டூவோடு பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். ஆனால் அது அரசாங்கம் கொடுக்கிற சோறு, கால்பந்து கொடுக்கிற சோறு இல்லை. அந்த இடங்களும் எண்ணி வைத்தவை. பதக்கம் வாங்கிய பிறகுதான் கதவு திறக்கும். பதினைந்து வயதில் ஆடத் தொடங்கும் பெண்ணுக்கு அதுவரை பஸ் காசு யார் தருவது?

நாளைக்கே திண்டிவனத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண், கால்பந்து ஆடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "எந்த கிளப்?" என்று அப்பா கேட்கமாட்டார். "போலீஸ்ல எடுத்துக்குவாங்களா?" என்றுதான் கேட்பார்.