எங்கள் வீட்டு ரெய்டு

பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டில் ரெய்டு இருக்கிறது என்று சொன்னால், வாசகர்கள் வருமான வரி அதிகாரிகளை நினைத்துக்கொண்டு, 'ஓகோ, நாவல் எழுதி இவ்வளவு சம்பாதித்துவிட்டாரா!' என்று வியக்கக்கூடும். அந்தப் பாக்கியம் எனக்கில்லை. நான் சொல்லும் ரெய்டு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. பல டிஸ்க்குகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று செத்தாலும் மற்றவை வேலையை நடத்தும்படி செய்கிற ஏற்பாடு. பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் 1988-ல் ஒரு கட்டுரை எழுதி இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்த மூவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 'ரெய்டு போட்டாயிற்று, இனி நகல் எதற்கு?' என்று கேட்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. அந்தக் கூட்டத்தில் நானும் இரண்டு வருஷம் இருந்தவன். ஆகவே குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏதோ ஆபீசில் பத்து வருஷம் உழைத்து ஓய்ந்த ஒரு சர்வரை என் அக்காள் மகன் மலிவாக வாங்கி வந்தான். "இதுல போட்டா போட்டதுதான் சார், எதுவும் போகாது" என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். திறந்து பார்த்தால், ரெய்டு கார்டின் பாட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. மின்சாரம் போகும் சமயத்தில், டிஸ்க்குக்குப் போய்ச் சேராத எழுத்தைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கிற பாட்டரி அது! தவிர, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை அந்தக் கார்டு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலத்துக் கார்டுகள் பலவும் 32 பிட் எண்ணால்தான் டிஸ்க்கின் கட்டங்களை எண்ணும். எண் தீர்ந்த இடத்தில் டிஸ்க்கும் தீர்ந்தது.

"மாமா, இந்தக் கார்டு செத்தா இதே ஜாதிக் கார்டைத் தேடி அலையணும். லினக்ஸே ரெய்டைப் பார்த்துக்கட்டும். டிஸ்க்கை வேற மெஷின்ல சொருகினாலும் அடையாளம் கண்டுக்கும்" என்றான் பையன். நல்ல யோசனைதான். சாதாரணக் கார்டு ஒன்றைப் பொருத்தி, இரண்டு டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று கண்ணாடியாக நிறுத்தினான். ஐந்தாம் நம்பர் ரெய்டு என்று ஒன்று உண்டு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று கூட்டுத்தொகையை எழுதி வைத்துக்கொண்டால், ஐந்து தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அந்தத் தந்திரம். அதை அவன் வேண்டாமென்றான். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டால், மிச்சமுள்ள கிழட்டு டிஸ்க்குகளை அடிமுதல் நுனிவரை படித்தாக வேண்டும். அந்தச் சிரமத்தில் இன்னொன்று கண்ணை மூடினால் எல்லாம் போச்சு.

இவ்வளவும் எதற்காக? முப்பது வருஷங்களுக்கு முன் மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் பாடிய நாற்பது பாட்டுகளுக்காக. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. அவர்களில் பெரும்பாலோர் இன்றில்லை. காஸெட்டுகளில் பூஞ்சைக்காளான் பிடித்திருந்தது. பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் காஸெட்டுகளைக் குப்பையில் போட்டேன். ரெய்டு இருக்கிறதே!

ஒருநாள் ராத்திரி இடம் காலி செய்கிறேன் பேர்வழி என்று, தூக்கக் கலக்கத்தில் வேறு ஏதோ என்று நினைத்து அந்தப் பாட்டுகளை அழித்தேன். இரண்டு டிஸ்க்குகளும் என் ஆக்ஞையைச் சிரமேற்கொண்டு ஒரே கணத்தில் நிறைவேற்றின. ஒன்றாவது 'ஐயா, யோசித்துத்தான் சொல்கிறீர்களா?' என்று கேட்டிருக்கக்கூடாதா? கேட்காது. கண்ணாடியில் இருக்கிற ஆள் நம்மைத் தடுப்பானா? மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் அந்த இடத்தில் வேறு என்னென்னவோ எழுதியாகிவிட்டது.

கை தவறினால் மட்டுமா? திருடன் வந்தால் பெட்டியோடு போகும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து கருகும். எங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று. அதற்கு டிஸ்க் எம்மாத்திரம்? 2024 நவம்பர் 30-ம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறியபோது, அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரே பலகையில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை மட்டும் வெள்ளம் விட்டுவிடுமா? 'இதெல்லாம் ஏழை எழுத்தாளன் பாடு' என்பீர்கள். தென்கொரியாவில் டேஜோன் நகரத்து அரசாங்கத் தகவல் மையம் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் பத்திரங்கள் போயின. வெளியே நகல் இல்லை. அவர்களுக்குப் பணமா இல்லை?

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, எப்படி முடிந்தது? வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீட்டுப் பரண்களில் ஏடுகள் கிடந்ததால் முடிந்தது. ஒன்றில் செல்லரித்த அடி இன்னொன்றில் பிழைத்திருந்தது. எல்லாச் சுவடியும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால், அந்தப் பெட்டி எவ்வளவு கெட்டியானதாக இருந்துதான் என்ன?

கம்ப்யூட்டரில் கரைகண்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் ரெய்டே வேண்டாமா?" என்று கோபித்துக்கொண்டார். ரயில் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு அவசியம் வேண்டும் ஐயா! அங்கே ஒரு நிமிஷம் நின்றாலும் ஊர் சிரிக்கும். என் பாட்டுப்பெட்டி இரண்டு நாள் நின்றால் யார் குடி முழுகிவிடும்? அதே இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றி, கடல் எட்டாத திண்டிவனத்தில் அக்காள் வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் நாற்பது பாட்டும் இருந்திருக்கும். நண்பர் பதில் சொல்லவில்லை. காபி மட்டும் சாப்பிட்டார்.

நாற்பதில் பதினொன்று பிழைத்தன. கூனிமேட்டில், பாடின அம்மாளின் மகளுக்கு அந்த நாளில் ஒரு காஸெட் பிரதி கொடுத்திருந்தேன். நினைவு வந்து ஓடினேன். அரிசி டப்பாவுக்குள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். ரிப்பேர் செய்து கொண்டுவந்து தருகிறேன் என்று கை நீட்டினேன். அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதை மட்டும் தரமாட்டேங்க. வேணும்னா மெஷினை இங்க எடுத்தாந்து, இங்கயே குந்திக் காப்பி பண்ணிக்கினு போங்க."

திண்ணையில் குந்தித்தான் காப்பி பண்ணினேன்.