பழைய கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி



பட்டணத்துல இருந்து ஊருக்கு வர்றவங்க முன்னெல்லாம் தேங்காய், மாங்காய், நாட்டுக்கோழி முட்டை இதைத்தான் கட்டிக்கிட்டுப் போவாங்க. இப்போ இன்னொன்னும் சேர்ந்திருக்கு. பழைய மரச்சாமான். தாத்தா படுத்த கட்டில், கணக்குப்பிள்ளை வெச்சு எழுதின சாய்வுக் கல்லாப்பெட்டி, ஊஞ்சல் பலகை, நெல்லு கொட்டி வெச்ச பத்தாயத்தோட பலகைகள். பரண்லயும் மாட்டுக்கொட்டகையிலயும் கிடந்ததைத் தூசி தட்டி வண்டில ஏத்துறாங்க. சொந்த வீட்டுல இல்லாதவங்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கற பழைய சாமான் கடைகள்ல விலை கொடுத்து வாங்குறாங்க. எனக்கு இதுல சந்தோஷம்தான். அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய சாமான் ஒரு வீட்டுக் கூடத்துக்குப் போகுது.

ஆனா கொண்டுபோன ரெண்டாவது வாரமே ஒரு கேள்வி வருது. "அண்ணே, இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய மரத்துல, நாளைக்குத் திரும்ப எடுக்க முடியாத எதையும் பூசாதீங்க. பெயிண்ட் கெட்டது, எண்ணெய் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. உங்களுக்கு அப்புறம் அந்தச் சாமானை வெச்சுக்கப் போறவங்க அதைச் சரிபண்ணிக்க முடியணும். அதுதான் கணக்கு.

முதல்ல என்ன மரம்னு பாருங்க. மேல்பக்கத்தைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. கவுத்துப் போட்டு அடிப்பக்கத்துல, யாரும் பார்க்காத மூலையில கத்திமுனையால லேசாச் சுரண்டினா உண்மை தெரியும். தேக்கு பொன்னிறமா, தொட்டா லேசா எண்ணெய்ப்பசையா இருக்கும். ஈட்டி ஊதா கலந்த கறுப்பா, கோடு கோடா இருக்கும், தூக்கினாலே கனம் சொல்லிடும். பூவரசு வைரம் சிவப்போட கலந்த பழுப்பு. பலா அறுத்தப்போ மஞ்சள், வருஷம் போகப் போக நல்ல பழுப்புக்கு வந்துடும். இந்த மாதிரி மரம் கிடைச்சா அதுமேல வெள்ளைப் பெயிண்ட் அடிக்கறது, பட்டுப்புடவைக்கு மேல மழைக்கோட்டு மாட்டின மாதிரி. காவந்து ஆகும், ஆனா எதுக்குப் பட்டுன்னு கேள்வி வரும்.

மா மரமா, பழைய பெட்டிப் பலகையா, பட்டி வெச்சு ஒப்பேத்தினதா இருந்தா தாராளமாப் பெயிண்ட் அடிங்க. வெயில்லயும் சாரல்லயும் மொட்டைமாடியில கிடக்கப்போற பெஞ்சுக்கும் பெயிண்ட்தான் சரி. வெயிலைத் தடுக்கறதுல நிறம் உள்ள பூச்சுக்கு இணை கிடையாது. மரத்துக்கும் அது இருக்கப்போற இடத்துக்கும் ஏத்த மாதிரிப் பூச்சு. பத்திரிகைல பார்த்த படத்துக்கு ஏத்த மாதிரி இல்லை. புதுசா வெள்ளை அடிச்சு, பழசு மாதிரி தெரியணும்னு அதையே அங்கங்க தேய்ச்சு விடறாங்க. நிஜமாவே பழசா இருந்த ஒன்னை மறைச்சுட்டுப் பொய்யாப் பழசு பண்றதுக்குக் கூலி வேற.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. கட்டுரை பூரா மறந்தாலும் இதை மறக்காதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பளிச்சுனு இருந்த எனாமல்கள்ல அது அதிகம். வீட்டுப் பெயிண்ட்ல பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுன்னு மத்திய அரசு 2016ல விதி போட்டுச்சு, 2017 நவம்பர் 1ல இருந்து அமல். அப்படின்னா அதுக்கு முந்தின பெயிண்ட் எதையும் நம்ப முடியாது. அதைக் காய்ஞ்ச உப்புத்தாளால பரபரன்னு தேய்க்கறதும், நெருப்பு காட்டி உரிக்கறதும் ஈயத்தைத் தூசியாவும் புகையாவும் வீட்டுக்குள்ள விடற வேலை. தரையில தவழ்ற குழந்தை கையை வாயில வைக்கும். ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அதனால பழைய பெயிண்ட் உரியாம கெட்டியா ஒட்டியிருந்தா சும்மா விட்டுடுங்க, இல்லைன்னா அதுமேலயே ஒரு கோட் அடிங்க. இந்த ஒரு இடத்துல மறைக்கறதுதான் புத்திசாலித்தனம். எடுத்தே ஆகணும்னா வீட்டுக்கு வெளியில, கீழ பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, தண்ணி தொட்டு ஈரமாத் தேய்ங்க. மூஞ்சில கைக்குட்டை கட்டினா பத்தாது, தூசியைத் தடுக்கற முகக்கவசம் வேணும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்துல வரக்கூடாது. உரிச்சதை எல்லாம் கட்டி ஓரமா வைங்க, செடிக்கோ தோட்டத்துக்கோ கொட்டிடாதீங்க. ஈயம் மண்ணுல விழுந்தா அவ்வளவு லேசுல போகாது. மண்ணுல பொழைக்கறவன் சொல்றேன்.

சில பேர் காஸ்டிக் சோடாத் தண்ணில கதவையே முக்கி எடுக்கறாங்க. பெயிண்ட் போயிடும், உண்மைதான். கூடவே மரத்தோட நிறம் மங்கும், நார் மேல எழும்பும், பசை வெச்ச மூட்டு இருந்தா விட்டுப்போகும். அப்படி வந்த கதவுகளைப் பார்த்திருக்கேன். நோயாளியை வெந்நீர்ல வேக வெச்சு எடுத்த மாதிரி இருக்கும்.

எல்லா நிறமும் உரிக்க வேண்டிய அழுக்கு இல்லைங்கறதையும் சொல்லணும். பழைய கட்டில் கால்லயும் தொட்டில் கம்பத்துலயும் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வளையம் வளையமா இருக்கும். அது பெயிண்ட் கிடையாது. கடைசல் எந்திரத்துல மரம் சுத்தும்போதே நிறம் சேர்த்த அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பாங்க. தேய்க்கற சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஏறிடும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்ல பார்த்திருப்பீங்களே, அதே வேலைதான். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு "இயற்கையா" ஆக்கிட்டேன்னு படம் எடுத்துப் போட்டா, ஒரு கடைசல்காரர் செஞ்ச வேலையை அழிச்சுட்டீங்கன்னு அர்த்தம்.

சரி, நல்ல மரம், மேல பெயிண்ட் இல்லை, வெறும் அழுக்கும் பழைய பாலிஷும்தான். என்ன செய்யலாம்?

முதல்ல சுத்தம். பூந்திக்கொட்டைத் தண்ணியோ, கொஞ்சமா சோப்பு கலந்த தண்ணியோ தொட்டுத் துணியைப் பிழிஞ்சு துடைங்க. நிழல்ல காய விடுங்க. வெயில்ல போட்டா பலகை வெடிக்கும். பாதிச் சாமான் இந்தத் துடைப்புலயே பழைய அழகுக்கு வந்துடும். அதுக்கப்புறம் மறைவான இடத்துல பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு இளகினா அது அரக்குப் பாலிஷ். அப்படின்னா உரிக்கவே வேண்டாம்.

அரக்குப் பாலிஷ்னா, அரக்குப் பூச்சி மரக்கிளையில விடற பிசினைச் சுத்தம் பண்ணி ஸ்பிரிட்ல கரைச்சது. புரசு, இலந்தை மரங்கள்ல இந்தப் பூச்சியை வளர்க்கறாங்க, ஜார்கண்ட் பக்கம் இதுவே பெரிய தொழில். துணிப்பொதியில தொட்டுத் திரும்பத் திரும்பத் தேய்ப்பாங்க. அதோட பெருமை என்னன்னா, புதுக் கோட்ல இருக்கற ஸ்பிரிட் பழைய கோட்டை லேசாக் கரைச்சு ரெண்டும் ஒன்னாயிடும். ஐம்பது வருஷம் கழிச்சும் மேல ஒரு கை தேய்ச்சா புதுசு. சூடான டபராவை வெச்சா வெள்ளை வளையம் விழும், அது அதோட குறை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல அடிச்சா வெளுத்துப் பூத்துப்போகும். தை பிறந்தப்புறம் பங்குனி வரைக்கும்தான் இந்த வேலைக்கு நல்ல காலம்.

அடுத்தது எண்ணெய். வீட்டுல இருக்கற தேங்காயெண்ணெயையும் நல்லெண்ணெயையும் தேய்க்கறாங்க. பார்க்கப் பளபளன்னு இருக்கும், ஆனா தேங்காயெண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெயும் கெட்டியாப் படியாது, தூசிதான் ஒட்டும். மரத்துக்கு வேண்டியது காத்துப்பட்டு இறுகற எண்ணெய். ஆளி விதை எண்ணெய் அப்படிப்பட்டது. ஹார்டுவேர் கடையில "டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்"னு கேளுங்க. 120, அப்புறம் 220 உப்புத்தாள்ல மர ரேகை ஓடற வாக்குலயே லேசாத் தேய்ச்சு, தூசியைத் துடைச்சு, டர்பன்டைன் கொஞ்சம் கலந்த எண்ணெயைத் துணியால பூசுங்க. கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தை முழுசா ஒத்தி எடுங்க. ஒருநாளோ ரெண்டு நாளோ காயவிட்டு இன்னொரு தடவை. மூணு தடவை போதும்.

எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். கதை இல்லை, நிஜம். தண்ணில நனைச்சு வைங்க, இல்லைன்னா வெளியில விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறிங்க.

ஸ்டெயின் பத்தி ஒரு வார்த்தை. அது நிறம் மட்டும்தான், காவல் இல்லை. மேல வேற பூச்சு வேணும். மரத்துக்குள்ள இறங்கிடறதால திரும்ப எடுக்கறது கஷ்டம். சாதாரண மரத்துக்குப் பழுப்பேத்தினா தப்பில்லை. தேக்குக்கு ஈட்டி நிறம் ஏத்தறதுதான் எனக்குப் புரியாத ஒன்னு. கறுப்பு வேணும்னே ஆசைன்னா, கடுக்காய்த் தண்ணி தடவிக் காயவிட்டு, துருப்பிடிச்ச ஆணியை வினிகர்ல ஊறவெச்ச தண்ணியை மேல தடவிப் பாருங்க. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணு முன்னாடி கறுக்கும். பழைய காலத்து எழுது மையும் இதே சேர்க்கைதான். முதல்ல ஒரு துண்டுப் பலகையில செஞ்சு பாருங்க, மரத்துக்கு மரம் வேற மாதிரி வரும்.

"இதெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு? பி.யு. பாலிஷ் அடிச்சா பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். தினம் சாம்பார் சிந்தற சாப்பாட்டு மேசைக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனா அந்தக் கண்ணாடி மாதிரிப் படலம் ஒரு இடத்துல விரிஞ்சு தண்ணி உள்ள போயிட்டா, அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டா தனியாத் தெரியும். பலகை முழுசையும் சுரண்டி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் மரம் கொஞ்சம் மெலியும், சித்திர வேலை கொஞ்சம் மழுங்கும். எண்ணெய் பூசினது தேஞ்ச இடத்துல மட்டும் ஒரு துணி தேய்ச்சா சரியாயிடும். வருஷத்துக்கு ஒருநாள், அரைமணி நேரம். போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்போ இதையும் சேர்த்துக்கலாம்.

கடைசியா ஒன்னு. பாலிஷ்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்க. கால் ஆடுதா, மூட்டு விட்டிருக்கா, எங்காவது மாவு மாவாக் கொட்டி உளுத்திருக்கான்னு அவர் பார்க்கணும். உளுத்த மரத்துக்கு மேல எந்தப் பூச்சும் பிரயோஜனம் இல்லை. பழைய கட்டில்கள்ல பலதும் இரும்பாணி இல்லாம துளையில முனை செருகி ஆப்பு அடிச்சது. அதைக் கழட்டி மறுபடி சேர்க்கத் தெரிஞ்ச கை எங்க ஊர்ப் பக்கம் குறைஞ்சுக்கிட்டே வருது. பாதிப் பேர் பிளைவுட் வேலைக்குப் போயிட்டாங்க, பிள்ளைங்க யாரும் உளியைத் தொடறதில்லை. நீங்க பெயிண்ட் டப்பாவுக்குக் கொடுக்கற காசுல பாதியை அந்தக் கைக்குக் கூலியாக் கொடுத்தா கட்டிலும் நிக்கும், அந்த வேலையும் இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்.