வவுச்சர் இல்லாத வாழ்க்கை

நேத்து கேன்டீன்ல ஒரு சண்டை. பழனி குமார் எடுத்த கடற்பாசி போட்டோக்களை நண்பர்களுக்குக் காட்டிட்டிருந்தேன். ஒருத்தன் டீயை உறிஞ்சிட்டே சொன்னான்: "ஏழைங்களைப் படம் புடிச்சு அவார்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க மச்சி. அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன கிடைச்சுது?" அப்போ எனக்கு பதில் வரலை. ராத்திரி தூக்கமும் வரலை. அதான் இங்கே எழுதறேன். டேய், இது உனக்குத்தான்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்காக. பழனி குமார் மதுரைக்காரர், மீன் விற்ற அம்மாவோட பிள்ளை. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல ஆரம்பிச்ச 'பாரி'ங்கற இணைய ஆவணக் காப்பகத்துல புகைப்படக்காரர். ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ல கடலுக்குள்ள முங்கி பாசி எடுக்கற பெண்களைப் பத்தி 2019-ல அதுல எழுதினார். கையில துணியைச் சுத்திக்கிட்டு, புடவை மேல ஆம்பளை சட்டையைப் போட்டுக்கிட்டு, சிலிண்டர் எதுவும் இல்லாம மூச்சடக்கி முங்கறாங்க. அந்தப் பாசியிலேர்ந்துதான் 'அகார்' எடுக்கறாங்க. 2022-ல தயானிதா சிங் - பாரி விருது அவருக்குக் கிடைச்சது. நண்பன் கடுப்பானது இந்த அவார்டு மேலதான்.

சரி, ஒத்துக்கறேன். ஒரு போட்டோ யாருக்கும் கூலியை ஏத்தித் தராது.

ஆனா நாம பி.காம். படிக்கறோம். ஆடிட்டிங் வகுப்புல முதல்ல என்ன சொல்லித் தந்தாங்க? வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏத்துக்க மாட்டார். நிஜமாவே செலவு பண்ணியிருப்பே, வேர்வை சிந்தியிருப்பே. சீட்டு இல்லைன்னா கேள்விதான்.

மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள் உள்ள பகுதியை 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. பூங்காவுக்கு அறிவிப்பு இருக்கு, எல்லை இருக்கு, வரைபடம் இருக்கு. அங்கே பாசி எடுத்துப் பொழைச்ச பெண்கள் பக்கம் என்ன இருக்கு? "உள்ளே வராதே"ன்னு சொன்னா, "இது எங்க தொழில், எங்க அம்மா காலத்துலேர்ந்து செய்யறோம்"னு வாயாலதான் சொல்லணும். அப்படி சொல்றவங்க பக்கம் ஒரு சீட்டு வேணும். பேர், ஊர், தேதி, வேலை எல்லாம் சேர்த்து எழுதி வச்ச போட்டோ அந்தச் சீட்டு. சூரிய அஸ்தமனத்துல ஒரு படகை எடுத்து 'நெய்தல் அழகு'ன்னு போடறது வால்பேப்பர். ரெண்டும் ஒண்ணு இல்லை.

இன்னொரு கோபமும் இருக்கு. தாலுகா அளவுல நிருபர்கள் வருஷக்கணக்கா எடுத்த குறிப்பும் படமும் எங்கே போகுது? பேப்பர் எடைக்கு, மெமரி கார்டு ஃபார்மட்டுக்கு. அச்சுல வந்த நாலு வரி போக மீதி எல்லாம் காலி.

நம்ம தர்மபுரியில கடல் இல்லை. காவிரி இருக்கு, ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவங்க இருக்காங்க, மீன் பிடிக்கறவங்க இருக்காங்க. தேடிப் பார்த்தேன். அருவி முன்னாடி நின்ன நம்ம செல்ஃபி கணக்கே இல்லாம கிடைக்குது. பரிசல்காரர் எங்கே? நம்ம தோளுக்குப் பின்னாடி, பாதி முகம் வெட்டுப்பட்டு, பேர் இல்லாம!

'அவங்களுக்கு என்ன கிடைச்சுது'ன்னு கேட்டியே மச்சி. நாளைக்கு அவங்க கேட்கப் போற கணக்குக்கு ஒரு வவுச்சர் கிடைச்சிருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு அதுகூட இல்லை. அடுத்த தடவை ஒகேனக்கல் போனா பரிசல்காரர் பேரையாவது கேட்டு எழுதிட்டு வா. அப்புறம் வந்து அவார்டைப் பத்திப் பேசு.