இசைக்கும் படைக்கும் இடையே ஒரு வாரம்

திறைசேரியின் கை இறுகும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "படைக்கு வாத்தியம் எதற்கு?" பிரித்தானியாவிலும் இக்கேள்வி ஓய்ந்தபாடில்லை. 1857-ஆம் ஆண்டு முதல் இராணுவ வாத்தியகாரரைப் பயிற்றிவந்த நெல்லர் மாளிகை 2021-இல் அப்பணியிலிருந்து விடுபட்டது. கணக்கர் மகிழ்ந்திருக்கலாம். நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

அக்கல்லூரி ஏன் தோன்றியது? கிறைமியப் போர்க்காலத்தில், 1854-இல், ஸ்கூட்டாரியில் மகாராணியின் பிறந்தநாள் அணிவகுப்பு நடந்தது. கூடிநின்ற வாத்தியக் குழுக்கள் இராச கீதத்தை ஒன்றுக்கொன்று ஒவ்வாத சுருதிகளில் முழக்கின என்பர். ஒவ்வொரு படைப்பிரிவும் தன் மனம்போனபடி கூலிக்கு ஆசிரியரை அமர்த்தியதன் பலன் அது. முறையான பயிற்சி இல்லாதவிடத்து இசையும் இரைச்சலாகும் என்ற பாடத்தை அன்று பிரித்தானியர் நாணித் தலைகுனிந்து கற்றனர்.

போட்ஸ்மத் துறைமுகத்தில் றோயல் மரீன் இசைப் பள்ளியில் பயிலும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய பயிற்சி ஏறக்குறைய மூன்று ஆண்டு. அங்கே பலர் காற்று வாத்தியம் ஒன்றும் தந்தி வாத்தியம் ஒன்றுமாக இரண்டைக் கற்கின்றனர். 1996-இல் அப்பள்ளி போட்ஸ்மத்துக்கு வந்தபோது பழைய கடற்படைச் சிறைக்கூடமே அதன் இருப்பிடமாயிற்று. கைதிகள் அடைபட்டிருந்த அறைகளில் மாணவர் தனித்திருந்து சுரம் பழகினர்.

கச்சேரி நெருங்கும் வாரத்தில் அவனுக்கு ஓய்வேது? தனியே சாதகம், தன்னின வாத்தியகாரரோடு ஒத்திகை, பின்னர் முழுக்குழுவோடு ஒத்திகை. இடையே உடற்பயிற்சி, அணிநடை, சீருடைச் சோதனை. வாசிப்பில் வழுவினாலும் நடையில் வழுவினாலும் குற்றம் குற்றமே. சபையோர் கேட்பது இரண்டு மணி நேர இசை. அதன் பின்னே கிடக்கும் உழைப்பை எவரும் காண்பதில்லை. அரிவு வெட்டும் நாளை மட்டும் பார்த்துவிட்டு நெல்லுக்கு விலை பேசுபவனை நம் கமக்காரர் அறிவர். அவனுக்கும் இக்கணக்கருக்கும் வேற்றுமை யாது?

இன்னொரு கண்டனமும் உண்டு. இளைஞரை மரணத்தை நோக்கி நடத்திச் செல்லும் மயக்கு மருந்தே போரிசை என்பது அது. இக்கூற்றை முற்றாகத் தள்ள நாம் துணியோம். ஆயினும் அவ்வாத்தியகாரன் கற்கும் மற்றத் தொழிலையும் நோக்குக. போர் வந்தால் அவன் காயமுற்றோரைச் சுமப்பவன். 1982-இல் போக்லாந்துப் போரின்போது கன்பெரா கப்பலில் சென்ற வாத்தியகாரர் அப்பணியையே செய்தனர். குழலைப் பற்றிய கை குருதி தோய்ந்தவனையும் தாங்கியது.

1989 செப்டெம்பர் 22-ஆந் தேதி, டீல் நகரில் அப்பொழுதிருந்த இதே இசைப் பள்ளியில் ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த குண்டு வெடித்தது. 11 பேர் மாண்டனர். ஒரு வாரம் கழிந்தது. எஞ்சியோர் அந்நகர வீதிகளில் வாத்தியம் முழக்கி அணிநடந்தனர். இறந்தோர் நின்றிருக்க வேண்டிய இடங்களை வெறுமையாக விட்டே நடந்தனர். அந்த வாரத்தில் அவர்கள் எதைப் பழகியிருப்பர்? கண்ணீர் பெருகும்போதும் மூச்சுத் தளராமல் ஊதுவதைத்தானே!

செலவைச் சுருக்க வேண்டுமெனில் சுருக்குக. அது அரசின் கடன். ஆனால் இசையை வீண் ஆடம்பரம் என்று பெயரிட்டு வெட்டாதீர்! துப்பாக்கியைப் பணங்கொடுத்து ஒரே நாளில் வாங்கலாம். நல்ல வாத்தியகாரனை வாங்க முடியாது, விளைவிக்கத்தான் முடியும். விதைநெல்லை விற்றுக் கடன் தீர்ப்பவன் அடுத்த போகத்தில் எதை விதைப்பான்?