பயிற்றுநருக்கும் ஒரு பதவி வேண்டும்



"டிப்ளமோ முடிச்சுட்டு என்னப்பா செய்யப் போற?" இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் நம்மில் யாருக்காவது உண்டா? மில்லில் சேருவேன், ஓசூர் போவேன், லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருவேன் என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள். "உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கப் போகிறேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "ஜிம் மாஸ்டரா? அதுக்கா மூணு வருஷம் பீஸ் கட்டினோம்?" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகையால் அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அதற்கு நியாயமான பதில் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடல்திறன் பயிற்றுநர் என்பவர் யார்? ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்' என்கிறார்கள். இவர் பந்து போடக் கற்றுக் கொடுப்பவர் அல்லர். கபடியில் பிடி போடக் கற்றுக் கொடுப்பவரும் அல்லர். ஆடுகிறவனின் உடம்பை அந்த ஆட்டத்திற்குத் தகுதியாக்கி, காயம் படாமல் காப்பவர். ஆடிப்பூரத் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்புமா? அவர் வேலைதான் இவர் வேலை!

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் என்ன படிக்கிறோம்? இரும்பின் மேல் சுமையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வந்தால் ஒரு நாள் களைத்து முறியும். உடம்பு அப்படியல்ல. அளவாகச் சுமை கொடுத்து, சோறும் தூக்கமும் ஓய்வும் கொடுத்தால், முன்பைவிட வலுவாக எழுந்து நிற்கும். சுமை குறைந்தால் பலன் இல்லை, கூடினால் காயம். எந்த வாரம் எவ்வளவு ஏற்றுவது, எந்த வாரம் குறைப்பது என்று கணக்குப் போடுவதே இந்தத் தொழில். இதை வெறும் முறுக்கு மீசையும் புஜமும் உள்ளவர் செய்கிற வேலை என்று நினைப்பது அறியாமை.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. எடை தூக்கினால் தசை இறுகி ஆட்டக்காரன் மந்தமாகிவிடுவான் என்று பயிற்சியாளர்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கம்பூன்றித் தாண்டும் வீரராக இருந்த பாய்ட் எப்லி, காயத்தால் ஆட முடியாமல் எடைப் பயிற்சியில் இறங்கினார். அவரோடு சேர்ந்து எடை தூக்கிய கால்பந்து ஆட்டக்காரர்கள் தேறி வருவதைப் பார்த்து, 1969-ல் அவரையே சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். 1978-ல் இவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமும் பிறந்தது.

நம் நாட்டில் கிரிக்கெட்தான் கதவைத் திறந்தது. 2003 உலகக் கோப்பைக்குப் போன இந்திய அணிக்குத் தென்னாப்பிரிக்காவின் ஏட்ரியன் லெ ரூ பயிற்றுநர். 2011-ல் கோப்பையை வென்றபோது அந்த இடத்தில் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன்! 2015 முதல் 2019 வரை இருந்தவர் சங்கர் பாசு, அவரும் சென்னைக்காரரே. விராட் கோலிக்குப் பளுதூக்கும் போட்டி முறைப் பயிற்சிகளை அறிமுகம் செய்தவர் அவர்தான். கோப்பையோடு நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்தோம். அந்தப் படத்தின் ஓரத்தில் நம் தமிழர் நின்றதை எத்தனை பேர் கவனித்தோம்?

சரி, வேலை எங்கே இருக்கிறது?

முதலாவது, விளையாட்டு அணிகள். 2008-ல் ஐ.பி.எல்., 2014-ல் புரோ கபடி, 2016-ல் டி.என்.பி.எல். வந்த பிறகு இடங்கள் கூடியிருக்கின்றன. ஆனால் பல வேலைகள் சீசனோடு முடிகிறவை.

இரண்டாவது, அரசு. இந்திய விளையாட்டு ஆணையம் இப்படிப்பட்ட நிபுணர்களை எடுக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான்.

மூன்றாவது, சீருடைப் பணி. ராணுவத்தில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு பிரிவும், பூனாவில் அதற்கொரு நிறுவனமும் உண்டு. இங்கே ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-ஆம் அணி இருக்கிறது. விடியற்காலை மடவார் வளாகம் பக்கம் போய்ப் பாருங்கள், போலீஸ் செலக்சனுக்கு எத்தனை அண்ணன்மார் ஓடுகிறார்கள் என்று! 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். தார் ரோட்டில், தேய்ந்த ஷூவில், தினமும் முழு வேகத்தில் ஓடி, செலக்சனுக்கு முந்தின வாரம் முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தை எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்?

நான்காவது, உடற்பயிற்சிக் கூடங்கள். இன்றைக்குச் சிறிய ஊர்களிலும் ஜிம் திறந்துவிட்டது. ஆனால் சொல்லிக் கொடுப்பவரிடம் என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் போன ஒரு ஜிம்மில், சேர்ந்த மூன்றாம் நாளே "இந்தப் பவுடர் சாப்பிடு தம்பி" என்று டப்பாவைக் காட்டினார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஊக்கமருந்தைத் தடுக்க 2022-ல் நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. தெரு ஜிம்முக்கு வரும் பதினாறு வயதுப் பையனை யார் காப்பாற்றுவது? பெண்கள் நிலை இன்னும் மோசம். பெண் பயிற்றுநர் இல்லாததால் அந்தப் பக்கமே அவர்கள் வருவதில்லை. தோழியர் இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்கலாமே!

ஐந்தாவது துறைதான் என் மனதுக்கு நெருக்கமானது: தொழிற்கூடம். எங்க அப்பா 20 வருஷமாக மூட்டை தூக்குகிறார். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்குப்படி, எல்லா வசதியும் சரியாக இருந்தாலும் ஒருவர் தூக்கச் சிபாரிசு செய்யப்படும் எடை 23 கிலோதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. எடையைக் குறைக்க வேண்டியது முதலாளியின் கடமை. பயிற்சி அதற்கு ஈடாகாது. ஆனால் தூக்கும் முறையைக்கூட எங்க அப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை. சுமையை உடம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், 20 சென்டிமீட்டரில் பிடிப்பதைவிட அந்தச் சுமையால் இடுப்பில் விழும் திருப்புவிசை இரண்டு மடங்கு. விசையைத் தூரத்தால் பெருக்கு; முதலாம் ஆண்டுப் பாடம்! ஒட்டிப் பிடி, முதுகை வளைக்காதே, தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதே. ஆட்டக்காரனுக்குச் சொல்லப்படுகிற இந்த மூன்று வார்த்தை, நாளெல்லாம் சுமக்கிறவனுக்கு ஏன் சொல்லப்படவில்லை? மில்லுகள் நிறைந்த இந்த ஊரில், நூறு தொழிலாளிக்கு ஒரு பயிற்றுநர் என்பது ஆடம்பரமா?

இனிப் படிப்புக்கு வருவோம். 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி. 2004 சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில். 1961-ல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் டிப்ளமோ தருகிறது. உலகம் முழுதும் மதிக்கிற அமெரிக்கச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வுக்குப் பட்டப்படிப்பு வேண்டும், கட்டணம் டாலரில், முதலுதவிச் சான்றும் வேண்டும். நம் டிப்ளமோ மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது. இதைத் தெரியாமல் யாரும் கனவு காண வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முதலில் பட்டம், பிறகு சான்றிதழ். அதுவரை கையில் உள்ள மெக்கானிக்கல் சோறு போடும். இதுதான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற வழி.

"இடமே கொஞ்சம், அதுவும் ஒப்பந்தம், இதை நம்பி எப்படி?" என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் இடம் கொஞ்சமாக இருப்பது தேவை இல்லாததாலா? இல்லை. தேவை தெருவில் ஓடுகிறது, லாரி செட்டில் மூட்டை தூக்குகிறது. பதவிதான் உண்டாக்கப்படவில்லை. ஆகவே நம் மாணவர் பேரவை சார்பில் மூன்று கோரிக்கை வைப்போம். ஒன்று, பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது நிற்கட்டும். அங்கே முறையான உடல்திறன் பயிற்சி நடக்கட்டும். இரண்டு, ஜிம் நடத்துவோர் தகுதிச் சான்றைச் சுவரில் மாட்ட வேண்டும் என விதி வரட்டும். மூன்று, தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் போல உடல்திறன் பயிற்றுநருக்கும் ஒரு பதவி வரட்டும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்திரம் வரைகிறவருக்கு மாலை போடும் நாம், சுவர் எழுப்புகிறவருக்குக் கூலியாவது தர வேண்டாமா? சிந்திப்போம் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு