எடைக்குப் போன கரண்டிகள்

1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது. டெக்சாஸ் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த காலம் அது. அமெரிக்க வீடுகளில் பாட்டி காலத்துத் தேநீர்க் கெண்டிகளும் கரண்டிகளும் மூட்டை கட்டி எடைக்குப் போயின. யார் செய்தது, எந்த ஊர் வேலைப்பாடு என்றெல்லாம் உருக்கும் உலையில் யார் கேட்கப்போகிறார்கள்? மார்ச் முடிவதற்குள் விலை சரிந்துவிட்டது. உருகியது உருகியதுதான்.

பழைய அமெரிக்க வெள்ளியைச் சேகரிப்பவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். ஆனால் அந்தப் பாத்திரங்கள் பிறந்ததே உலையில்தான். 17-ம் நூற்றாண்டிலும் 18-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பாஸ்டனில் பணத்தைப் போட்டுவைக்க வங்கி கிடையாது. சேர்த்த ஸ்பானிய நாணயங்களைத் திருடன் கொண்டுபோனால் அடையாளம் சொல்லி மீட்கவும் வழியில்லை. அதனால் அவற்றைப் பத்தரிடம் கொடுத்து, மூடிபோட்ட குவளையாக அடித்து வாங்கிக்கொண்டார்கள். குவளையில் முக்கோணமாக மூன்று எழுத்து: மேலே குடும்பப் பெயருக்கு ஒன்று, கீழே கணவனுக்கும் மனைவிக்கும் ஒவ்வொன்று. விருந்துக்கும் ஆயிற்று, அவசரத்துக்கும் ஆயிற்று.

அந்தப் பத்தர்களில் பேர்போனவர் பால் ரெவியர். பிரிட்டிஷ் உத்தரவுக்குப் பணிய மறுத்த மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் 92 பேரைப் போற்றி 1768-ல் அவர் செய்த கிண்ணம், இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனைப் போல வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் அன்று பாஸ்டனில் இல்லை. செய்தவர் தன் பெயரை அடித்தார். அவருடைய நாணயமே உத்தரவாதம்.

1859-ல் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கம் பிடிபட்டதும் கதை மாறியது. அதில் கொழித்த ஜான் மெக்கே, தன் சுரங்க வெள்ளியை டிஃபனி நிறுவனத்துக்கு அனுப்பி 1,250-க்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட விருந்துத் தொகுப்பைச் செய்வித்தார். நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஆசை தொற்றியது. டவுல் நிறுவனம் 1898-ல் கொண்டுவந்த ‘ஜார்ஜியன்’ வடிவத்தில் மட்டும் 131 வகை. மத்தி மீனுக்குத் தனி முள்கரண்டி, ஐஸ்கிரீமுக்குத் தனி முள்கரண்டி, உருளைக்கிழங்கு வறுவலை அள்ள இன்னொன்று! 1920-களில் வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலையிட்டு, ஒரு வடிவத்துக்கு 55 வகை போதும் என்று பரிந்துரைக்க வேண்டியதாயிற்று. இன்று சேகரிப்பில் சுவை கூட்டுவது என்னவோ, யாருக்கும் தேவைப்படாத அந்த மத்தி முள்கரண்டிதான்.

புதிதாக இறங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்ற முத்திரையில். அந்த ஆண்டு வணிகப் பெயரின் ஒரு பகுதி, அவ்வளவே. 1950-களில் செய்த கரண்டியிலும் அதுவே இருக்கும். போதாக்குறைக்கு, அது முழு வெள்ளியும் அல்ல, முலாம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி வேண்டுமானால் ‘ஸ்டெர்லிங்’ என்று அடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்நியர் பெயரெழுத்து பொறித்த பாத்திரம் விற்காது என்று எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடும் வியாபாரிகளும் உண்டு. தேய்த்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். விரலால் அழுத்தினால் தெரியும். மேலே வாயால் ஊதினால், படியும் ஆவியில் அழிந்த எழுத்தின் கோடுகள் சில சமயம் எழுந்து வரும். பழகிய சேகரிப்பாளர் கடைக்காரர் முன்னாலேயே ஊதிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசத் தொடங்குவார்.