இரயில் சடக்கும் பெயரில்லாத படங்களும்

தீபாவளி விடுமுறை முடிந்து வளாகத்திற்குத் திரும்பும் நண்பர்களின் கைப்பேசிகளை வாங்கிப் பாருங்கள். இரயில் மேடையில் புதுச் சேலையோடு ஒரு படம், தண்டவாளம் வளைந்து மறையும் இடத்தில் ஒரு படம், பாழடைந்த தோட்ட லயத்தின் வாசலில் ஒரு படம் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். படங்கள் அழகாகவே இருக்கின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவற்றுள் எத்தனை படங்களில் நம் ஊர் இருக்கிறது? இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் படம் வேறொருவர் கைக்குப் போனால், இது எந்த ஊர், இதில் நிற்பவர் யார், எந்த ஆண்டு என்று அவரால் சொல்ல முடியுமா? முடியாது. நாம் ஊரைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு, ஊரைத் திரைச்சீலையாக்கி நம்மையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

நான் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்திலுள்ள லாயாங்-லாயாங்கைச் சேர்ந்தவள். மலாய்மொழியில் லாயாங்-லாயாங் என்றால் பட்டம். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் இரயில் பாதையில் குளுவாங், ரெங்கம் ஆகிய ஊர்களைத் தாண்டி, கூலாய்க்கு முன்பாக வரும் சிற்றூர் அது. இந்தப் பாதை 1909-இல் முழுமை பெற்றது. சுற்றிலும் ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோதும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோதும் வீட்டில் நேரம் காட்டியது இரயில்தான். "ரயிலு போயிருச்சு, இன்னும் குளிக்கலையா?" என்பதுதான் என் பாட்டியின் காலை வணக்கம். அவர் இன்றும் தண்டவாளம் என்று சொல்வதில்லை. 'ரயில் சடக்கு' என்றுதான் சொல்வார். நம் பாடநூல்களில் நான் காணாத சொல் இது.

பாடநூல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரத்திற்கு, இந்நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லத்தான் அந்தப் பாதை. இதையெல்லாம் மனனம் செய்தே தேர்வு எழுதினோம். கட்டையைச் சுமந்தவர் யார், கல்லைக் கொட்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் ஒரு தேர்விலும் வரவில்லை. பாதை பழுதுபார்க்கும் கேங்குகளில் தென்னிந்தியத் தமிழர் நிறைந்திருந்ததையும், நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்ததையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் நம்மில் பலர் அறிந்திருப்போம்.

அக்காலத்துப் படங்கள் இல்லாமல் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் விற்கப்பட்ட அஞ்சலட்டைகளில் இரயில் நிலையங்கள் இருக்கின்றன, பாலங்கள் இருக்கின்றன, நம்மவர்களும் இருக்கிறார்கள். அடியில் என்ன எழுதியிருக்கும்? 'தமிழ்க் கூலிகள்' என்று எழுதியிருக்கும். நிலையத்திற்குப் பெயர் உண்டு. அதன் எதிரே நிற்கும் மனிதனுக்குப் பெயர் இல்லை. படம் எடுத்தவனுக்கு அது தேவைப்படவில்லை.

நம்மவரைப் பெயரோடு சேர்த்து முதன்முதலில் பெருமளவில் படம் எடுத்தது அரசாங்கம்தான். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-இல் மலாயாவில் அடையாள அட்டை அறிமுகமானது. தோட்டத்து மக்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். மலாயன் ரயில்வேயில் கேங் வேலை செய்த என் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்குவது அந்த அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். வெயிலில் இரும்போடு பாடுபட்ட மனிதர் எங்கள் வீட்டில் ஒரு தண்டவாளத்தின் பக்கத்தில்கூட நிற்கவில்லை. உங்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். பலர் வீட்டில் இதே கதைதான் இருக்கும்.

படமும் பெயரும் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். எங்கள் ஊர் வரலாறே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியப் படை ஜொகூர் வழியாகச் சிங்கப்பூரை நோக்கி இறங்கியது. லாயாங்-லாயாங் அருகே இரயில் பாலம் முன்கூட்டியே தகர்க்கப்பட்டதால் ஓர் இந்தியப் படைப்பிரிவு பின்னால் துண்டிக்கப்பட்டது. அவர்களைத் தேடி ஜனவரி 28-இல் இரயில் பாதை வழியே நடந்து சென்ற ஒன்பதாவது இந்திய டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ அங்கேயே கொல்லப்பட்டார். தளபதியின் பெயர் போர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அதே நாட்களில் அதே பாதையோரத் தோட்டங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் பெயர் எந்த நூலில் இருக்கிறது?

சயாம் மரண இரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1942-க்கும் 1943-க்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அதே பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளுள் ஜாக் சாக்கர், ரொனால்ட் சேர்ல் போன்றோர் உயிரைப் பணயம் வைத்து, கிடைத்த தாளில் மறைவாகப் படம் வரைந்தார்கள். அவை இன்று உலகம் அறிந்த ஆவணங்கள். மாண்டுபோன கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அப்படியொரு வரிசை இல்லை. துன்பம் இரு தரப்பாருக்கும் இருந்தது. பதிவுதான் ஒரு தரப்பாருக்கு இருந்தது.

சரி, அது போர்க்காலம். இன்றைக்கு வருவோம். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரயில் சடக்கு ஓரமாக ஒரு முனீஸ்வரர் கோயில் இருந்தது. நிலம் கைமாறியபோது, கோயில் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது, ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னார்கள், எடுபடவில்லை. கடைசியில் ஓர் அம்மா தன் கல்யாணப் படத்தைக் கொண்டு வந்தார். மணமக்களுக்குப் பின்னால் கோயில் மேடையும் வேப்பமரமும் தெரிந்தன. படத்தின் பின்பக்கம் யாரோ ஊதா மையில் தேதியும் தோட்டத்தின் பெயரும் எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தால் கோயில் அதே இடத்தில் நிலைத்துவிடவில்லை. ஆனால் மாற்று இடம் பற்றிப் பேசலாம் என்ற நிலைக்கு எதிர்த்தரப்பு இறங்கி வந்தது அதைப் பார்த்த பிறகுதான். எழுதியவர் யாரென்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அது வெறும் கல்யாணப் படம்.

அண்டை நாட்டில் நடந்ததையும் எண்ணிப் பார்க்கலாம். 1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-இல் கடைசி இரயில் புறப்பட்டது. அதற்கு முந்திய வாரங்களில் சிங்கப்பூர் மக்கள் கேமராவும் கையுமாகப் பாதை நெடுகிலும் நின்றார்கள். புக்கிட் தீமா நிலையத்தில் வளையத்தில் கட்டிய டோக்கனை இரயில் ஓட்டுநரிடம் கைமாற்றும் காட்சியைப் படமெடுக்க முண்டியடித்தார்கள். இன்று அந்த வளையம் என்ன, அதை யார் யாரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் படங்கள் இருக்கின்றன.

கிம்மாஸுக்குத் தெற்கே எங்கள் பாதையும் மாறிவிட்டது. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒற்றைத் தண்டவாளம் இரட்டையானது, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி வந்தது, வேலி வந்தது, கேட் போட்டுக் காத்திருந்த இடங்களில் மேம்பாலம் வந்தது. 2025 இறுதியில் மின்சார இரயில் சேவை ஜொகூர் பாரு வரை எட்டியது. இதை நான் குறை சொல்லவில்லை. குளுவாங்கில் ஏறிக் கோலாலம்பூரில் இறங்க முடிவது என்னைப் போன்ற மாணவர்க்குப் பெரிய வசதி. ஆனால் பழைய பாதை இருந்தபோது, கேட் அருகே பலகாரம் விற்றவரையும், சைக்கிளைத் தோளில் தூக்கிச் சடக்கைத் தாண்டியவரையும், கேட்காரரையும் எங்கள் தோட்டத்தார் யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. கைப்பேசி எல்லார் கையிலும் இருந்த காலம்தான் அது. தினமும் பார்ப்பதைப் போய் யார் படம் எடுப்பார் என்ற எண்ணம்தான் காரணம். தினமும் பார்ப்பதுதான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறது.

ஆகவே என் கோரிக்கை எளிது. ஊருக்குப் போகும்போது அழகான படத்தையும் எடுங்கள்; அதோடு பயனுள்ள படங்களையும் எடுங்கள். நிலையத்தின் பெயர்ப்பலகை, எஞ்சியிருக்கும் பழைய இரயில்வே குடியிருப்பு, மேம்பாலத்திலிருந்து தெரியும் ஊர், சடக்கோரத்துக் கோயில், சுடுகாடு, சீனர் கடை, பெரட்டுக்களம் என்று பட்டியல் போட்டால் தானாக நீளும். ஓர் இடத்தை அருகிலிருந்து ஒருமுறையும், சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒருமுறையும் எடுங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மின்சார இரயில் வரும் சத்தம் காதில் விழுவதற்குள் இரயிலே வந்துவிடும். மேடையிலும் மேம்பாலத்திலும் நின்றாலே போதும்.

அதைவிட முக்கியம், படத்தில் மனிதர் இருக்க வேண்டும். பெரிய கேமராவோடு வருகிறவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் சுருக்கங்களைப் படமெடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். பரிசும் கிடைக்கிறது. கிழவியின் பெயர் என்ன? பழைய அஞ்சலட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நாம் அப்படிச் செய்யக் கூடாது. முதலில் அனுமதி கேட்போம். பாட்டி, தாத்தா என்று பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்போம். என்ன வேலை செய்தார்கள், எந்த ஆண்டு இங்கே வந்தார்கள் என்று கேட்போம். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுவோம். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சடித்து அவர்கள் கையிலேயே கொடுப்போம். ஒரு தே தாரேக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

பிறகு எழுத வேண்டும், அதுவும் தமிழில். யார், எங்கே, எப்போது, என்ன என்று நான்கு வரி போதும். அந்த நான்கு வரியில் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். 'இருப்புப்பாதைப் பராமரிப்புப் பணியாளர்' என்று திருத்த வேண்டாம்; 'ரயில் சடக்கு கேங்கில் வேலை செய்தவர்' என்றே இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் நாம் கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்கிறது? எஸ்பிஎம் தேர்வோடு தமிழ் எழுதுவதை நிறுத்திவிட்டவர்களுக்கும் நான்கு வரி சுமையாகாது.

சிலர் இதைப் பழம்பெருமை என்பார்கள். தோட்டத்து வாழ்க்கையில் பெருமைப்பட என்ன இருந்தது, மறந்து முன்னேறுவதுதான் நல்லது என்பார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. லயத்தில் ஒழுகிய கூரையை யாரும் புகழ வேண்டியதில்லை. ஆனால் ஒழுகிய கூரை ஒழுகியது என்று சொல்வதற்கும் சான்று வேண்டும். நாம் பதியாவிட்டால், அங்கே யாரும் துன்பப்படவும் இல்லை, யாரும் வாழவும் இல்லை என்றுதான் நாளைய வரலாறு எழுதப்படும்.

நம் தமிழ்க்கழகத்தில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்தோ, இரயில் நிற்கும் சிற்றூரிலிருந்தோ வந்தவர்கள்தாம். ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் பத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதிக் கழகத்திடம் கொடுத்தால், ஓராண்டில் நம்மிடம் ஒரு நல்ல தொகுப்பு இருக்கும். முன்னாள் மாணவர்கள் வீட்டு அலமாரியிலிருக்கும் பழைய படங்களின் பின்பக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த பெயர்களை இன்றே எழுதி வைக்கலாம். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். என் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. எங்கள் வீட்டுப் படப்பெட்டியில் அவர் மட்டுமே பெயர் சொல்லக்கூடிய முகங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. இதுவரை பதினொன்றை எழுதியிருக்கிறேன்.